திருமதி டாலோவேயின் வீட்டுக்கு மீண்டும் ஓர் அழைப்பு: வர்ஜீனியா வுல்ஃபின் விருந்துக் கதைகள் குறித்த கேள்விகளும் பதில்களும்

வர்ஜீனியா வுல்ஃபின் 'திருமதி டாலோவே' நாவலைப் படித்து முடித்தவர்களில் பலருக்கு, அதே வீட்டில், அதே மாலையில், வேறு விருந்தினர்களின் மனங்களுக்குள் நடக்கும் சிறுகதைகளையும் அவர் எழுதியிருக்கிறார் என்பது தெரிவதில்லை. தெரிந்தவர்களும் அவற்றை நாவலிலிருந்து வெட்டி எறியப்பட்ட துண்டுகள் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். அந்த எண்ணம் சரியல்ல என்பது இதை எழுதுபவரின் கருத்து. இக்கதைகளைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே விடை சொல்லப்படுகிறது. கதைகளின் முடிவுகள் மறைக்கப்படவில்லை. முடிவு தெரிந்துவிட்டால் சுவை குன்றிவிடும் வகைக் கதைகள் அல்ல இவை.

எந்த நாவல், எந்தக் கதைகள்?

நாவல் 1925 மே 14 அன்று, வர்ஜீனியா வுல்ஃபும் அவருடைய கணவர் லியனார்ட் வுல்ஃபும் நடத்திய ஹோகார்த் பதிப்பகத்தின் வழியாக வெளிவந்தது. 1923 ஜூன் மாதத்தில் லண்டனில் ஒரே ஒரு நாள் அதன் களம். நாடாளுமன்ற உறுப்பினர் ரிச்சர்ட் டாலோவேயின் மனைவியான கிளாரிசா காலையில் பூ வாங்கப் புறப்படுகிறாள். இரவில் அவள் வீட்டில் விருந்து நடக்கிறது. இடையில், போரிலிருந்து மனம் சிதைந்து திரும்பிய செப்டிமஸ் வாரன் ஸ்மித் என்ற இளைஞன் சன்னல் வழியாகக் குதித்து உயிரை விடுகிறான். இருவரும் ஒருவரையொருவர் சந்திப்பதே இல்லை. அவன் இறந்த செய்தி மட்டும் விருந்துக்கு வந்து சேர்கிறது.

கதைகள் ஏழு என்பது வழக்கமான கணக்கு. 'பாண்ட் தெருவில் திருமதி டாலோவே', 'மனித இனத்தை நேசித்தவர்', 'அறிமுகம்', 'மூதாதையர்', 'சேர்ந்தும் பிரிந்தும்', 'புதிய ஆடை', 'தொகுத்துச் சொன்னால்' என்று அவற்றின் பெயர்களைத் தமிழில் சொல்லலாம். முதல் கதை காலைப் பொழுதுக்கு உரியது. மற்ற ஆறும் இரவு விருந்துக்கு உரியவை. 'எளிய இன்னிசை' என்ற இன்னொரு கதையையும் இவற்றோடு சேர்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அது பின்னால் வரும்.

பழைய பாத்திரங்களுக்குத் திரும்பி வந்து எழுதியவை என்று இவற்றைச் சொல்லலாமா?

ஆறு கதைகளைப் பொறுத்தவரை சொல்லலாம். முதல் கதையைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ்: அங்கே கதைதான் மூத்தது, நாவல் இளையது.

அதற்கும் முன்பே ஒரு கிளாரிசா இருந்தாள். 1915இல் வெளிவந்த வுல்ஃபின் முதல் நாவலான 'வெளிநோக்கிய பயண'த்தில், லிஸ்பனில் கப்பலேறும் டாலோவே தம்பதியர் சில அத்தியாயங்களுக்கு மட்டும் வந்து போகிறார்கள். அந்தக் கிளாரிசா மேட்டுக்குடிப் பகட்டின் கேலிச்சித்திரம். அவளுடைய கணவன் கப்பலில் இருக்கும் இளம்பெண் ரேச்சலை எதிர்பாராமல் முத்தமிட்டுவிட்டு, பின்பு எதுவும் நடவாததுபோல் இறங்கிப் போகிறவன். ஏழு ஆண்டுகள் கழித்து, 1922இல், வுல்ஃப் அந்தப் பெண்ணை மறுபடி எடுத்து ஒரு சிறுகதைக்குள் நடக்க விடுகிறார். அக்கதையை எழுதி முடித்தவர், அடுத்ததாக 'பிரதம மந்திரி' என்ற பகுதியையும் தொடங்கினார். அந்த அக்டோபரில், திருமதி டாலோவே கிளைவிட்டு ஒரு புத்தகமாகிவிட்டாள் என்று தம் நாட்குறிப்பில் எழுதுகிறார். தெளிந்த மனமும் கலங்கிய மனமும் உலகை அருகருகே பார்ப்பதாக அந்தப் புத்தகம் அமையும் என்பதும் அதே குறிப்பில் இருக்கிறது. சிறுகதை 1923 ஜூலையில் அமெரிக்காவின் 'தி டயல்' இதழில் வெளிவந்தது; நாவல் அப்போது பாதி வழியில் இருந்தது.

ஆகவே கேலிச்சித்திரம், சிறுகதை, நாவல், மீண்டும் சிறுகதைகள் என்று நான்கு கட்டங்கள். ஒரே பெண்ணை ஓர் எழுத்தாளர் இப்படிப் பத்தாண்டுக் காலம் விடாமல் சுற்றி வந்ததற்குக் காரணம், அவளைப் பிடித்திருந்ததும் பிடிக்காமல் போனதும் ஒன்றாகவே இருந்ததுதான் என்று தோன்றுகிறது.

கையுறைக் கதைக்கும் நாவலின் தொடக்கத்துக்கும் உண்மையில் என்ன வேறுபாடு?

பாண்ட் தெருக் கதையில் கிளாரிசா வாங்கப் போவது கையுறை, நாவலில் பூ. முதல் வாக்கியத்தில் இந்த ஒரு பொருள்தான் மாறியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் பொருள் மாறியதும் பெண்ணும் மாறிவிடுகிறாள். ஒரு சீமாட்டியை அவளுடைய கையுறையையும் காலணியையும் வைத்தே அறியலாம் என்று கிளாரிசாவின் வில்லியம் மாமா சொல்வாராம். கையுறை தகுதியின் அடையாளம், கையை மூடுவது, தொடுகையைத் தடுப்பது. பூ அப்படிப்பட்டதல்ல, அதை வாங்குவதே பிறருக்காகத்தான். (பழந்தமிழில் 'கையுறை' என்ற சொல்லுக்குத் தலைவன் தலைவிக்குக் கொண்டுவரும் தழையும் பூவுமாகிய காணிக்கை என்று பொருள். வுல்ஃபின் கையுறை பூவாக மாறியதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இருந்தாலும் தமிழில் படிக்கும்போது இந்தத் தற்செயல் இனிக்கிறது.)

கதையின் பெரும்பகுதி கடைக்குள் நடக்கிறது. தனக்குக் கையுறை எடுத்துக் காட்டும் பெண்ணுக்கு மாதவிலக்கு நாளாக இருக்கலாம், நிற்பதே வேதனையாக இருக்கலாம் என்று கிளாரிசா ஊகிக்கிறாள். அவளை ஓய்வுக்குக் கிராமப்புறம் அனுப்பி வைக்கலாமா என்று நினைக்கிறாள். உடனே, மனம் போனபடி வாரிக் கொடுப்பது மடத்தனம், சீனாவுடன் வணிகம் பெருகுவதே முக்கியம் என்று கணவன் அறிவுறுத்தியது நினைவுக்கு வந்துவிடுகிறது. இரக்கம் பிறந்து அடங்குவதற்கு இரண்டு மூன்று வாக்கியங்கள் போதுமானதாக இருக்கின்றன. பிறகு தெருவில் ஏதோ பெரும் சத்தத்துடன் வெடிக்கிறது. கடைப்பெண்கள் அஞ்சிப் பதுங்குகிறார்கள். கிளாரிசா நிமிர்ந்து உட்கார்ந்தபடி, பக்கத்தில் கையுறை வாங்கிக்கொண்டிருக்கும் பெண்ணைப் பார்த்துப் புன்னகைத்து, அதுவரை நினைவுக்கு வராமல் இருந்த அவள் பெயரைச் சொல்லி அழைக்கிறாள். கதை அந்தப் பெயரோடு முடிந்துவிடுகிறது.

நாவலிலும் அந்த வெடிச்சத்தம் இருக்கிறது. பூக்கடைக்கு வெளியே ஒரு கார் வெடித்ததுபோல் ஒலி எழுப்புகிறது. ஆனால் அங்கே பார்வை கடைக்குள் நிற்பதில்லை. தெருவுக்கு இறங்கி, நடைபாதையில் உறைந்து நிற்கும் செப்டிமஸிடம் போய்விடுகிறது. சிறுகதை முடிந்த அதே இடத்தில் நாவல் உண்மையில் தொடங்குகிறது. போரில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மாண்டது வாழ்க்கை இப்படியே நடந்துகொண்டிருப்பதற்காகத்தான் என்று சிறுகதையின் கிளாரிசா நினைத்து நகர்ந்துவிடுகிறாள். நாவலில் மாளாமல் மீண்ட ஓர் இளைஞன் வந்து நின்று அந்த நினைப்பை நகர விடாமல் செய்கிறான்.

நாவலை முடித்த பிறகும் ஏன் அதே விருந்துக்குத் திரும்பினார்?

1924 அக்டோபரில் முதல் வரைவு முடிந்தது. பிற விருந்துக் கதைகளில் பெரும்பாலானவை, நாவல் அச்சுக்குப் போய்க்கொண்டிருந்த 1925இன் முற்பகுதியையொட்டி எழுதப்பட்டவை. அந்த ஏப்ரலில் எழுதிய நாட்குறிப்பில் வுல்ஃப், மனிதர்களுக்கு எத்தனையோ வகை உணர்வுநிலைகள் இருக்கின்றன, அவற்றில் விருந்து உணர்வு, ஆடை உணர்வு ஆகியவற்றை ஆராய்ந்து பார்க்க விரும்புகிறேன் என்கிறார். விருந்து உணர்வு என்பது, பத்துப் பேர் நடுவில் நிற்கும்போது மட்டும் நமக்குள் தலைதூக்கி, வீடு திரும்பியதும் கலைந்துபோகும் ஒரு தனி மனநிலை. கல்யாண மண்டபத்தில் தெரிந்த முகம் தேடி நின்றவர் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

நாவலில் இந்த மனநிலைக்கு இடம் இருந்தது. ஆனால் அங்கே கிளாரிசாவும், அவளை ஒருகாலத்தில் காதலித்த பீட்டர் வால்ஷும், செப்டிமஸின் மரணமும் மேடையை நிறைத்துக்கொண்டார்கள். ஓரத்தில் நின்றவர்களுக்கு ஓரிரு பத்திகளே கிடைத்தன. கிளாரிசாவின் ஏழை உறவினளான எல்லி ஹெண்டர்சன், ஆண்டுக்கு முந்நூறு பவுண்டு வருமானத்தில் வாழ்பவள், பழைய கறுப்பு ஆடையின்மேல் மலிவான இளஞ்சிவப்புப் பூக்களைச் செருகிக்கொண்டு வந்து, பேச ஆளில்லாமல் நின்று பார்த்துவிட்டுப் போகிறாள். இந்த எல்லிக்கு ஒரு முழுக் கதை கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடைபோல இருக்கிறது 'புதிய ஆடை'.

'புதிய ஆடை' ஏன் இவற்றில் மிகவும் பேசப்படுகிறது?

அது தனியே நின்று நிறைவாக வாசிக்கக்கூடிய கதை என்பதும், 1927 மே மாதத்திலேயே அமெரிக்காவின் 'ஃபோரம்' இதழில் வெளிவந்து பலரைச் சென்றடைந்தது என்பதும் வெளிப்படையான காரணங்கள். உள்ளே இருக்கும் காரணம் அதன் கொடூரம்.

மேபல் வேரிங்குக்கு நாற்பது வயது, வசதி குறைவு. நாகரிக ஆடை வாங்கப் பணமில்லாததால், தாயிடமிருந்த பழைய பாரிஸ் ஆடைப் புத்தகத்திலிருந்து ஒரு மாதிரியைத் தேர்ந்து, மிஸ் மிலன் என்ற தையற்காரியிடம் மஞ்சள் பட்டில் தைத்துக்கொள்கிறாள். தையலறையின் சிறிய கண்ணாடியில் அது அவளுக்கு அழகாகவே தெரிந்தது. டாலோவே வீட்டுக்குள் நுழைந்து, மேலங்கியைக் கழற்றி, திருமதி பார்னெட் கண்ணாடியை எடுத்துக் கொடுக்கும்போது ஏதோ சரியில்லை என்ற ஐயம் எழுகிறது. மாடியேறுவதற்குள் அது உறுதியாகிவிடுகிறது. திருமதி பார்னெட் நாவலிலும் அதே அறையில், அதே வேலையில் இருப்பவள். அங்கே அவள் சீமாட்டிகளை நடத்தையால் அளந்துவிடும் பழைய வேலைக்காரி. வருகிறவர்கள் அவளிடம் கனிவாகப் பேசுகிறார்கள். இங்கே அவள் கையிலிருந்துதான் மேபலின் இரவு சரியத் தொடங்குகிறது.

'மோப்பக் குழையும் அனிச்சம் முகந்திரிந்து நோக்கக் குழையும் விருந்து' என்பது 90ஆம் குறள். முகர்ந்தால் வாடுவது அனிச்சப்பூ. முகம் மாறிப் பார்த்தாலே வாடிவிடுபவர் விருந்தினர். வள்ளுவர் சொல்வதில் குற்றம் விருந்தோம்புபவர் முகத்தில் இருக்கிறது. வுல்ஃப் காட்டுவது இன்னும் சிக்கலானது: இந்த வீட்டில் எவர் முகமும் திரியவில்லை, ஆனாலும் விருந்தினர் குழைந்துவிடுகிறார். கிளாரிசா இன்முகத்தோடுதான் வரவேற்கிறாள். ஒவ்வொரு வாய்ச்சொல்லுக்குப் பின்னாலும் ஏளனம் இருப்பதாக மேபலே கற்பித்துக்கொள்கிறாளா, அல்லது அந்த வர்க்கத்தின் இன்முகமே ஒரு வகைத் திரிந்த முகமா என்பதைக் கதை முடிவு செய்ய மறுக்கிறது. நாமெல்லாம் கிண்ணத்தின் விளிம்பில் ஏறத் தவிக்கும் ஈக்கள் என்று ஒரு படிமத்தை மேபல் திரும்பத் திரும்பத் தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். மற்றவர்களையும் ஈயாகப் பார்க்க முயன்று தோற்கிறாள். அவர்கள் வண்ணத்துப்பூச்சிகளாகவும் தும்பிகளாகவும் பறக்க, தான் மட்டும் கிண்ணத்தில் கிடக்கிறாள். இறுதியில் விடைபெறும்போது மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது என்று கிளாரிசாவிடம் சொல்லிவிட்டு, பொய், பொய், பொய் என்று உள்ளுக்குள் சொன்னபடி, இருபதாண்டுகளாக அணிந்துவரும் சீன மேலங்கியைச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறாள்.

இப்போது 'எளிய இன்னிசை'. அக்கதையில் கார்ஸ்லேக் என்பவர் ஒரு விருந்தில் சுவரிலுள்ள ஓவியத்தைப் பார்த்தபடி நிற்கிறார். அப்போது மேபல் வேரிங் வெளியேறுவதைக் கவனிக்கிறார். அவர் கண்ணுக்கு அந்த மஞ்சள் ஆடை அழகாகவே இருக்கிறது; அவள் முகம்தான் கலங்கியிருக்கிறது. ஒரு கதையில் ஒருத்தி முழு இரவும் வெந்துபோனதற்கு மறுப்பு, மற்றொரு கதையில் யாரோ ஒருவரின் நினைவில் அரை வாக்கியமாக இருக்கிறது, அது அவள் காதில் விழப்போவதே இல்லை. இந்தக் கதைகளைத் தனித்தனியாக அல்லாமல் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கிளாரிசா இக்கதைகளில் எந்த அளவுக்கு வருகிறாள்?

பெரும்பாலும் ஒரு வாக்கியம் அளவுக்கு. அவளுக்கு இங்கே உள்மனம் கிடையாது. வருகிறாள், இருவரைக் கைபிடித்துச் சேர்த்து வைக்கிறாள், உங்களுக்கு இவரைப் பிடிக்கும் என்கிறாள், நகர்ந்துவிடுகிறாள்.

நாவலில் கிளாரிசா தன் விருந்துகளுக்குத் தானே ஒரு நியாயம் வைத்திருக்கிறாள். லண்டனின் வெவ்வேறு மூலைகளில் தனித்தனியே கிடக்கும் மனிதர்களை ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது ஒரு காணிக்கை. யாருக்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது, காணிக்கை செலுத்துவதற்காகவே செலுத்தும் காணிக்கை. நாவல் அதைக் கேலியும் பரிவும் கலந்து ஏற்றுக்கொள்கிறது. கதைகள் அப்படி ஏற்பதில்லை. சேர்த்து வைக்கப்பட்டவர்களிடம் போய், உண்மையில் சேர்ந்தீர்களா என்று கேட்கின்றன. நாவலுக்கு அவை எழுதும் கணக்குத் தணிக்கை என்று சொல்வேன்.

அந்தத் தணிக்கையில் என்ன வெளிப்படுகிறது?

'அறிமுக'த்தில் லில்லி எவரிட் என்ற மாணவி, ஜோனதன் ஸ்விஃப்டின் குணவியல்பு பற்றி எழுதிய கட்டுரைக்குப் பேராசிரியரிடம் அன்று காலையில் பெற்ற மூன்று சிவப்பு நட்சத்திரங்களை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு வருகிறாள். கிளாரிசா அவளை ஆக்ஸ்ஃபோர்டு படிப்பை முடித்த பாப் பிரின்ஸ்லியிடம் கொண்டுபோய் விடுகிறாள். அவன் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டு, பேச்சின் நடுவே ஓர் ஈயின் இறக்கையைப் பிய்க்கிறான். நட்சத்திரங்கள் மங்கிவிடுகின்றன. அறிவால் தான் ஈட்டியது ஒன்றுமே இந்த அறையில் செல்லாது, கூட்டிலிருந்து வெளிவந்த வண்ணத்துப்பூச்சியாக மட்டுமே தனக்கு இங்கே இடம் என்பதை அவள் உணரும் கணம், மேபல் கதையைவிடச் சிறியதாக இருந்தாலும் எனக்கு அதைவிட வலிக்கிறது. மேபல் தோற்றுப் பழகியவள். லில்லி அன்று காலைவரை வென்றவள்.

'மனித இனத்தை நேசித்தவர்' கசப்பான நகைச்சுவை. வழக்கறிஞர் பிரிக்கெட் எல்லிஸ், பள்ளித் தோழன் ரிச்சர்ட் டாலோவேயைத் தெருவில் தற்செயலாகச் சந்தித்து அழைக்கப்பட்டவர். ஏழைக் கட்சிக்காரர்களுக்கு உழைப்பதும், நன்றியோடு ஒரு முதிய தம்பதி காசு சேர்த்துத் தமக்குக் கடிகாரம் வாங்கிக் கொடுத்ததும் அவருடைய பெருமைகள். அவருக்கு அறிமுகம் செய்யப்படும் மிஸ் ஓ'கீஃபும் ஏழைகளுக்காக உருகுபவள். பூங்கா வேலிக்கு வெளியே குழந்தைகளோடு நின்ற ஓர் ஏழைப் பெண்ணை அன்று பிற்பகல்தான் பார்த்து வெம்பியிருக்கிறாள். இவ்விருவரும் ஒத்துப்போக வேண்டியவர்கள். ஆனால் மனிதநேயத்தில் யார் உயர்ந்தவர் என்ற போட்டியாக அந்தப் பேச்சு திரும்பி, வீட்டிலுள்ள அத்தனை பேரையும் ஒருவரையொருவரும் வெறுத்தபடி பிரிந்துபோகிறார்கள்.

'மூதாதையர்' எளிதில் சொல்லிவிடக்கூடியது: கிரிக்கெட் பார்ப்பது தமக்குப் பிடிக்காது என்று ஓர் இளைஞர் சொன்ன அற்பமான வாக்கியம், திருமதி வாலன்ஸை அவளுடைய ஸ்காட்லாந்துக் குழந்தைப் பருவத்துக்கும் தந்தையின் தோட்டத்துக்கும் அனுப்பிவிடுகிறது. குழுவில் நலிந்த கதை இதுதான்.

'சேர்ந்தும் பிரிந்தும்' கதையில் நாற்பது வயது மிஸ் ஆனிங்கும் ஐம்பது வயது ரோடரிக் செர்லும் கான்டர்பரி நகரைப் பற்றிப் பேசத் தொடங்கி, ஒரு கணம் உண்மையாகவே நெருங்கிவிடுகிறார்கள். அந்தக் கணத்தை என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. மூன்றாமவள் ஒருத்தி குறுக்கே வந்து பேச்சைக் கலைக்கும்போது இருவருக்கும் விடுதலை. கிளாரிசாவின் காணிக்கை இங்கே பலித்துவிட்டது; பலித்ததைத் தாங்கத்தான் ஆளில்லை.

எல்லாமே தோல்விதானா?

இல்லை. 'தொகுத்துச் சொன்னால்' கதையில் சாஷா லேதம், ஓயாமல் பேசும் பெர்ட்ராம் பிரிச்சர்டோடு தோட்டத்துக்கு வருகிறாள். அவன் பேச்சை அவள் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சின் ஓசை அவளுக்குத் துணையாக இருக்கிறது. சதுப்பு நிலமாக இருந்த இடத்தில் இத்தனை விளக்குகளோடு ஒரு சமூகம் எழுந்து நிற்பதை வியக்கிறாள். பிறகு தோட்டச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்க்கும்போது, இவர்களைச் சற்றும் பொருட்படுத்தாத பெரிய லண்டன் கிடக்கிறது. வியப்பு சரியா, அதைக் கலைத்த காட்சி சரியா? ஆன்மா இயல்பிலேயே துணையற்ற பறவை என்ற இடத்துக்கு அவள் நினைவு வந்து சேர்கிறது. மற்றவர்கள் அழுதுகொண்டே வந்துசேரும் அந்த இடத்துக்கு இவள் ஏறக்குறைய மகிழ்ச்சியாக வருகிறாள். நாவலில் கிளாரிசா விருந்திலிருந்து விலகி, சிறிய அறையின் சன்னல் வழியாக எதிர்வீட்டு மூதாட்டி படுக்கப் போவதைப் பார்க்கும் இடத்துக்கு மிக அருகில் நிற்கும் கதை இது.

செப்டிமஸ் ஏன் எந்தக் கதையிலும் வரவில்லை?

அவன் விருந்துக்கு அழைக்கப்படாதவன் என்பது எளிய விடை. தொடக்கத் திட்டத்தில் செப்டிமஸே இல்லை என்றும், கிளாரிசாவே விருந்தின் முடிவில் தன்னை மாய்த்துக்கொள்வதாகவோ இறந்துபோவதாகவோ இருந்தது என்றும் 1928ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்பின் முன்னுரையில் வுல்ஃப் சொல்லியிருக்கிறார். கதைகளின் விருந்தில் எந்த மரணச் செய்தியும் வருவதில்லை. அதனால்தான் அங்கே ஓர் ஆடையும் ஓர் ஈயும் அவ்வளவு கனக்கின்றன.

இவற்றை வுல்ஃப் ஒரே நூலாக வெளியிட்டாரா?

வெளியிடவில்லை. அவர் வாழ்ந்த காலத்தில் அச்சேறியவை பாண்ட் தெருக் கதையும் 'புதிய ஆடை'யும் மட்டுமே. ஒரு கதை தோன்றியதும் அதைக் கரடுமுரடாக எழுதி மேசை இழுப்பறையில் போட்டுவைப்பது அவர் வழக்கம் என்று லியனார்ட் வுல்ஃப் எழுதியிருக்கிறார். வுல்ஃப் 1941இல் மறைந்த பிறகு, லியனார்ட் தொகுத்து 1944இல் வெளிவந்த 'பேய் வீடு' தொகுப்பில் 'சேர்ந்தும் பிரிந்தும்', 'மனித இனத்தை நேசித்தவர்', 'தொகுத்துச் சொன்னால்' ஆகியவை முதன்முறையாக அச்சாயின. ஏழு கதைகளையும் ஒன்றாக்கித் 'திருமதி டாலோவேயின் விருந்து' என்று பெயரிட்டவர் ஸ்டெல்லா மெக்னிக்கல்; ஆண்டு 1973. 1985இல் சூசன் டிக் பதிப்பித்த முழுத் தொகுப்பில் 'எளிய இன்னிசை'யும் 'பிரதம மந்திரி' வரைவும் இடம்பெற்றன.

எனவே இதைத் திட்டமிட்ட ஒரு கதைத்தொடர் என்று உறுதியாகச் சொல்லும் வாசிப்பு, பதிப்பாசிரியரின் உழைப்பை எழுத்தாளரின் கணக்கில் எழுதிவிடுகிறது. வுல்ஃப் இறுதியாகத் திருத்தி முடிக்காத பக்கங்களும் இவற்றில் உண்டு; 'மூதாதைய'ரின் தளர்ச்சியை மதிப்பிடும்போது அதை மனத்தில் கொள்வது நியாயம்.

பிற நவீனத்துவ எழுத்தாளர்களும் இப்படிச் செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள், ஆனால் வேறு திசைகளில். ஜேம்ஸ் ஜாய்ஸ் 'டப்ளினர்கள்' சிறுகதைகளில் படைத்த கோர்லி, லெனஹான் போன்றவர்களைப் பின்னால் 'யுலிசிஸ்' நாவலின் தெருக்களில் நடமாட விட்டார். அது கதையிலிருந்து நாவலுக்குப் போகும் பாதை. வில்லியம் ஃபாக்னர் வுல்ஃபைப்போல நாவலுக்குப் பிறகு கதைக்குத் திரும்பியவர். 1929இல் வந்த 'ஓசையும் சீற்றமும்' நாவலின் காம்சன் வீட்டுக் குழந்தைகள் 1931இல் ஒரு சிறுகதையில் மீண்டும் வருகிறார்கள். கதையைச் சொல்பவன் குவென்டின். பதினைந்து ஆண்டுகளுக்கு முன், தனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறான். அப்படியானால் சொல்லும்போது அவனுக்கு இருபத்துநான்கு வயது. நாவலின்படி 1910இல், கல்லூரி மாணவனாக இருக்கும்போதே அவன் இறந்துவிட்டான். ஃபாக்னர் இதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வாசகரும் கவலைப்பட வேண்டியதில்லை.

தமிழில் மொழிபெயர்க்க முனைபவர் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் 'விருந்து' என்ற சொல். இன்று அது சாப்பாட்டை நினைவூட்டுகிறது. டாலோவே வீட்டில் ஒரு சிலரே இரவு உணவுக்கு அமர்கிறார்கள். பெரும்பாலானவர்கள் அதற்குப் பிறகு வந்து, நின்றபடி பேசிவிட்டுப் போகிறார்கள். 'கூடுகை' என்பது சரியாக இருந்தாலும் உயிரில்லை. பழந்தமிழில் விருந்து என்பது புதுமையையும் புதிதாக வந்தவரையும் குறித்தது. அந்தப் பொருள் அடியில் ஒலிக்கட்டும் என்று அச்சொல்லையே வைத்துக்கொள்வதில் தவறில்லை.

அடுத்தது அவளா, அவரா என்ற கேள்வி. ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. கிளாரிசாவின் மனத்துக்குள் இருக்கும்போது 'அவள்' போதும். இருபது வயதை ஒட்டிய லில்லியின் மனத்தில் திருமதி டாலோவே 'அவர்' ஆகத்தான் இருக்க முடியும். மேபலின் மனத்தில்? அச்சம் மேலோங்கும்போது 'அவர்', பொறாமை மேலோங்கும்போது 'அவள்' என்று மாற்றி எழுதிப் பார்க்கலாம். ஒரே சீராக வைத்துவிட்டால் வர்க்கம் பற்றிக் கதை சொல்வதில் பாதி போய்விடும்.

மூன்றாவது, வுல்ஃபின் வாக்கியம் பாத்திரத்தின் மனத்துக்குள் நழுவும் விதம். ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'என்று நினைத்தாள்' சேர்த்தால் நழுவல் நின்றுபோய் அறிக்கையாகிவிடும். இங்கே தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது. 'அவள் ஆடை சரியில்லை' என்றால் யாரோ வெளியிலிருந்து சொல்கிறார். 'தன் ஆடை சரியில்லை' என்றதும் படர்க்கையிலேயே நின்றபடி மேபலுக்குள் போய்விடுகிறோம். ஆங்கிலத்தின் ஒற்றைப் பிரதிப்பெயர் பூடகமாக விட்டுவைப்பதை 'தான்', 'தன்' ஆகியவை ஒரு சொல்லில் காட்டிவிடும். அதிகம் காட்டிவிடும் என்பதுதான் ஆபத்து. பார்ப்பது மேபலா, மற்றவர்களா என்பது தெரியாமல் இருக்க வேண்டிய இடங்களில் பிரதிப்பெயரையே தவிர்த்து, 'மஞ்சள் ஆடை' என்று மட்டும் எழுதுவது நல்லது.

எந்த வரிசையில் படிக்கலாம்?

பாண்ட் தெருக் கதை, பிறகு நாவல், அதன்பின் 'புதிய ஆடை', உடனே 'எளிய இன்னிசை', மற்றவை விருப்பம்போல், கடைசியாக 'தொகுத்துச் சொன்னால்'. நாவலைப் படிக்க நேரமில்லாதவர்கள் 'அறிமுக'த்தில் தொடங்கலாம். அரை மணி நேரம்கூட ஆகாது.